ஏகாதசி முடியட்டும்

கார்த்திகை பிறந்துவிட்டால் ஸ்ரீரங்கத்தில் என்னிடம் வருகிறவர்கள் எல்லோரும் ஒரே பேச்சைப் பேசத் தொடங்குவார்கள். "ஏகாதசி முடியட்டும் சார், அப்புறம் பார்த்துக்கலாம்." முழங்கால், இடுப்பு, கழுத்து எதுவானாலும் இதுதான். சித்திரை வீதியை ஒட்டிய ஒரு சந்தில் 23 வருஷமாக பிசியோதெரபி பார்க்கிறேன். அந்தப் பேச்சில் எனக்குக் குறை ஒன்றும் இல்லை. பகல் பத்து, ராப்பத்து என்று இருபது நாளுக்கு மேல் ஊரே கோயிலுக்குள் இருக்கும். வீட்டுக்கு வீடு வெளியூர் உறவு. வீதியில் தடுப்புக் கட்டிவிட்டால் ஆட்டோ உள்ளே வராது. தேய்ந்த முழங்கால் அதுவரைக்கும் காத்திருக்கும்.

தோளில் ஜவ்வு கிழிந்தவர் அதைச் சொன்னால் மட்டும் நான் உடனே தலையாட்டுவதில்லை. "என்னைக்கு ஆரம்பிச்சுது, தேதி சொல்ல முடியுமா?" என்று கேட்பேன். "ரெண்டு மூணு வருஷமாவே இருக்கு, இப்ப கொஞ்சம் கூடிப்போச்சு" என்பார் ஒருவர். "போன வெள்ளிக்கிழமை, பம்புசெட் பக்கத்துல விழுந்தேன், அதுக்கு முன்னாடி ஒண்ணும் இல்ல" என்பார் இன்னொருவர். ஸ்கேன் படத்தில் இரண்டு தோளும் ஒன்றுபோலவே தெரியலாம். முதலாமவர் ஏகாதசி என்ன, பங்குனி உத்திரம் வரைக்கும்கூடப் பொறுக்கலாம். இரண்டாமவருக்கு ஒவ்வொரு வாரமும் கணக்கு.

இந்தக் கேள்வியை நான் கல்லூரியில் கற்கவில்லை. ஒருவருடைய வலது கை போன பிறகு கற்றேன்.

அவர் ஜீயபுரம் பக்கம் வாழை வைத்திருந்தவர். அப்போது 52 வயது. 2009-ல் ஒரு காலை பூவன் தாரைத் தோளில் வைத்துக்கொண்டு வாய்க்கால் கரையில் வரும்போது ஈரத்தில் கால் வழுக்கி, வலது கையை ஊன்றி விழுந்தார். கையைத் தூக்க முடியவில்லை. எக்ஸ்ரே எடுத்தார்கள், எலும்பு முறிவு இல்லை. எக்ஸ்ரேயில் ஜவ்வு தெரியாது என்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. சுளுக்கு என்று எண்ணெய்க் கட்டுப் போட்டு இரண்டு வாரம் இருந்துவிட்டு என்னிடம் வந்தார். நான் சிகிச்சை தொடங்கி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கை ராசி உண்டு என்று நாலு பேர் சொல்ல ஆரம்பித்திருந்த காலம். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது. சர்க்கரைக்காரருக்குத் தோள் இறுகிப்போவது சகஜம் என்பதால் அதுதான் என்று எழுதிக்கொண்டேன். ஒத்தடம், கரண்ட், கயிற்று உருளை என்று நாலு மாதம். அவரும் ஒரு நாள் தவறாமல் பேருந்து ஏறி வந்தார்.

இறுகிய தோளை அடுத்தவர் தூக்கினாலும் மேலே போகாது. இவருடைய கையை நான் தூக்கினால் காது வரைக்கும் போயிற்று. விட்டால் பொத்தென்று விழுந்தது. அந்த ஒன்றே போதும், கண்டுபிடிப்பதற்கு. தினமும் என் கையாலேயே தூக்கினேன், தினமும் விழுந்தது, நான் பார்க்கவில்லை.

நாலு மாதம் கழித்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது ஜவ்வு இரண்டு இடத்தில் அறுந்து, தோள் கிண்ணத்தின் விளிம்பு வரைக்கும் உள்ளே இழுபட்டுப் போயிருந்தது. தசையில் பாதிக்குமேல் கொழுப்பு. அறுவை மருத்துவர் படத்தை விளக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "முதல் மாசம் வந்திருந்தா இழுத்துத் தைச்சிருக்கலாம்" என்றார். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. சொல்லாததுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அந்த மனிதர் அதற்குப் பிறகு தார் தூக்கவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டார்.

என்ன நடந்தது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். பொங்கல் விளையாட்டில் கரண்டியில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு ஓடுவார்கள் இல்லையா, தோள் மூட்டு அந்த மாதிரி. பந்து பெரியது, கிண்ணம் ஆழமில்லாதது. அதனால்தான் கை இத்தனை பக்கம் திரும்புகிறது. அதனால்தான் நழுவவும் பார்க்கிறது. பந்தைக் கிண்ணத்தில் நிறுத்தி வைப்பவை தோள் எலும்பிலிருந்து வந்து பந்தைச் சுற்றிப் பிடிக்கும் நான்கு தசைகள். சித்திரைத் தேர் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வடம் பிடிப்பவர்கள் ஆயிரம் பேர் இருக்கலாம். தேர் வீதியில் நேராகப் போவது சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடுகிறவர்களால்தான். தோளின் மேலே உருண்டு திரண்டு தெரிகிற பெரிய தசை வடம் இழுக்கிறது. இந்த நான்கும் முட்டுக்கட்டைக்காரர்கள். நான்கில் மேலே இருக்கிற சுப்ராஸ்பைனேட்டஸின் நுனியில்தான் பெரும்பாலும் கிழிசல் தொடங்குகிறது. தசையின் அந்த நுனிக்குத் தமிழில் தசைநாண் என்று நல்ல பெயர் இருக்கிறது. ஊரில் ஜவ்வு என்றுதான் சொல்கிறோம்.

நாண் எலும்பிலிருந்து அறுந்தால் இருந்த இடத்திலேயே இருக்காது. தசை அதை உள்ளே இழுக்கும். இழுக்க வேலை இல்லாத தசை மாதக்கணக்கில் சுருங்கி, நார் இருந்த இடத்தில் கொழுப்பு படியும். இந்தக் கொழுப்பை 0 முதல் 4 வரை தரம் பிரிக்கிற முறையை கூத்தாலியே என்ற பிரெஞ்சு மருத்துவர் 1994-ல் வகுத்தார். ஸ்கேன் அறிக்கையில் கிழிசலின் அளவைத்தான் எல்லோரும் படிக்கிறார்கள். நான் முதலில் தேடுவது இந்த எண்ணை. 3, 4 என்று போய்விட்டால் தைத்தாலும் தசை பழையபடி வேலை செய்வது அரிது. படிந்த கொழுப்பு பெரும்பாலும் திரும்பத் தசை ஆவதில்லை. அடிபட்டுக் கிழிந்த தோளை முதல் சில வாரங்களுக்குள் அறுவை மருத்துவரிடம் காட்ட வேண்டும், மூன்று நான்கு மாதத்தைத் தாண்ட விடக்கூடாது என்பது இதனால்தான்.

அந்த ஜீயபுரத்துக்காரருக்குப் பிறகு இரண்டு வருஷம் நான் எதிர்ப்பக்கம் சாய்ந்தேன். கிழிசல் என்று அறிக்கை வந்தால் போதும், உடனே அறுவைக்கு அனுப்பினேன். அதுவும் தவறு என்று எனக்குக் காட்டியவர் உத்திர வீதியில் இருந்த ஒரு மாமி.

72 வயது. இரவில் அந்தப் பக்கம் ஒருக்களித்துப் படுக்க முடியவில்லை, தலை பின்னக் கை பின்னால் போகவில்லை, மேல் அலமாரியில் டப்பா எட்டவில்லை. விழவில்லை, அடிபடவில்லை. வெளிநாட்டில் இருந்த மகன் அறிக்கையைப் படித்துவிட்டு, முழுத் தடிமனும் கிழிந்திருக்கிறது, உடனே ஆபரேஷன் என்று தினமும் போன். மாமி என்னைப் பார்த்து, "கோலம் போடறச்சே வலிக்கலையேப்பா. அவ்வளவு கிழிஞ்சிருந்தா எப்படிக் கோலம் போடறேன்?" என்றார். நல்ல கேள்வி. குனிந்து கோலம் போடும்போது கை தானாகத் தொங்குகிறது. தோள் அதைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. நாங்கள் முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற ஊசல் பயிற்சியும் அதே நிலைதான்.

எனக்கு ஒரு சந்தேகம் வந்து, வலியே இல்லாத இன்னொரு தோளையும் அல்ட்ராசவுண்டில் பார்க்கச் சொன்னேன். அதுவும் கிழிந்திருந்தது. எப்போது கிழிந்தது என்று மாமிக்குத் தெரியாது. 1995-ல் அமெரிக்காவில் தோளில் எந்தத் தொந்தரவும் இல்லாத 96 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 60 வயதைத் தாண்டியவர்களில் 54 சதவீதம் பேருக்குப் பாதியாகவோ முழுதாகவோ கிழிசல் இருந்தது. வயதானால் தலை நரைப்பது போல நாணும் நைந்துபோகிறது. மிச்சமிருக்கிற முட்டுக்கட்டைக்காரர்கள் சேர்ந்து தேரை ஓட்டிவிடுகிறார்கள். வலியின் அளவுக்கும் கிழிசலின் அளவுக்கும் சம்பந்தம் குறைவு.

மகனிடம் நானே பேசினேன். மூன்று மாதம் கொடுங்கள், அதற்குள் இரவுத் தூக்கம் திரும்பாவிட்டால் நானே மருத்துவரிடம் கூட்டிப்போகிறேன் என்றேன். மாமி பூஜை அறைக்கு வெளியே சுவரில் விரலால் ஏறி, எட்டிய இடத்தில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுவார். முதல் மூன்று வாரம் கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று. ஆறாவது வாரத்தில் நாலு விரற்கடை. மூன்று மாதத்தில் ஒரு சாணுக்கு மேல். அந்தச் சுவருக்கு வெள்ளையடிக்க அவர் கடைசிவரை விடவில்லை.

இதை அதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஓர் ஆய்வில், அடிபடாமல் முழுதாகக் கிழிந்த தோளோடு 452 பேரைப் பயிற்சியில் சேர்த்தார்கள். இரண்டு வருஷ முடிவில் நாலில் மூன்று பங்குப் பேர் அறுவைக்குப் போகவே இல்லை. போனவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்துக்குள் போய்விட்டார்கள். நான் மூன்று மாதத் தவணை வைப்பது அந்தக் கணக்கில்தான். யார் போனார்கள் என்று பார்த்தபோது கிழிசலின் அளவைவிட, "இந்தப் பயிற்சியால் எனக்குக் குணமாகும்" என்ற நம்பிக்கை இருந்ததா இல்லையா என்பதே பெரிதாக நின்றது. அதைப் படித்த பிறகு முதல் நாள் பேச்சுக்கு நான் அரை மணி நேரம் ஒதுக்குகிறேன்.

ஆனால் பயிற்சிக்காரன் என்பதால் பயிற்சியின் பக்கமே பேசக்கூடாது. நார்வேயில் 103 பேரைச் சீட்டுப்போட்டுப் பிரித்து, பாதிப் பேருக்குத் தைத்தார்கள், மீதிப் பேருக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஐந்தாவது வருஷம் பார்த்தபோது வித்தியாசம் சிறியது. பத்து வருஷம் தொடர்ந்து பார்த்து 2019-ல் வெளியிட்டபோது தைத்தவர்கள் இன்னும் நன்றாக இருந்தார்கள், இடைவெளி கூடியிருந்தது. தைக்காத கிழிசல் சிலருக்கு வருஷா வருஷம் பெரிதாகிறது. ஆகவே 72 வயது மாமிக்குச் சொன்னதையே 48 வயதுக்காரருக்குச் சொல்ல மாட்டேன். காத்திருக்கலாம் என்று சொன்னவரையும் வருஷத்துக்கு ஒரு முறை கூப்பிட்டு அல்ட்ராசவுண்ட் பார்க்கச் சொல்கிறேன்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பவர்கள்தான் உறங்கவிடாதவர்கள்.

என்.எஸ்.பி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்த அம்மாள், 46 வயது. பதினெட்டு வருஷமாக மேல் தட்டிலிருந்து புடவைக் கட்டுகளை இழுத்து இறக்கி, பிரித்துப் போட்டு, மடித்து, மறுபடி மேலே வைக்கிற வேலை. தோள் வலி பல வருஷமாக இருந்தது. ஆடித் தள்ளுபடி சமயத்தில் சரிந்து விழுந்த கட்டைப் பிடிக்கப் போய் ஒரு வெட்டு வெட்டியது. அன்றிலிருந்து கை பாதிக்குமேல் ஏறவில்லை. தேதியும் உண்டு, பழைய வலியும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் இரண்டு சென்டிமீட்டர் கிழிசல், தசை நன்றாக இருந்தது. தில்லைநகரில் பார்த்த மருத்துவர், தைப்பது நல்லது, நாளைக்கே என்று இல்லை, ஆனால் தள்ளிக்கொண்டே போகாதீர்கள் என்றார். எனக்கும் அதுவே தோன்றியது.

அந்த அம்மாள் கேட்ட கேள்விகள் எந்தப் பாடப் புத்தகத்திலும் இல்லை. "தீபாவளிக்கு முன்னாடி லீவு போட்டா வேலை போயிரும் சார். போனஸும் போயிரும். ஆறு வாரம் கையைத் தொட்டில்ல போட்டுக்கணும்னா தண்ணிக் குடம் யார் தூக்குவா? பொண்ணுக்குத் தலை யார் பின்னுவா?" ஆபரேஷன் செலவுக்கு வழி இருந்தது, முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருந்தார். வழி இல்லாதது அதற்குப் பிறகு வரும் ஆறு மாதத்துக்கு. தைத்த நாண் எலும்பில் ஒட்டிப் பிடிக்க ஆறு வாரம் கையை அசையாமல் காக்க வேண்டும். அடுத்த ஆறு வாரம் வெறும் கையைத் தூக்கிப் பழக வேண்டும். எடை தூக்குவது மூன்று மாதத்துக்குப் பிறகு. பழைய வேலை ஆறு மாதம் ஆகும், சிலருக்கு அதுக்கும் மேலே. தையல் போட்டதும் தோள் சரியாகிவிடும் என்று நினைத்து வருகிறவர்களிடம் இந்தக் கணக்கை நான் ஒன்றுக்கு இரண்டு முறை சொல்கிறேன். தையல் மருத்துவருடைய வேலை. ஒட்டவைப்பது வீட்டாருடைய வேலை.

ஆடியிலிருந்து தீபாவளிக்கு மூன்று மாதம். விளிம்புதான், ஆனாலும் எல்லைக்குள் இருந்தது. அதுவரை மேல் தட்டு வேண்டாம், மடிக்கிற இடத்தில் உட்காரவிடுங்கள் என்று கடைக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தேன், ஒப்புக்கொண்டார்கள். அந்த மூன்று மாதமும் சும்மா போகவில்லை. இறுகிய தோளைத் தைத்தால் இன்னும் இறுகும், ஆகவே முதலில் அசைவைத் திரும்பக் கொண்டுவந்தோம். அவருக்குச் சர்க்கரையும் இருந்தது, அதை இறக்கினார், சர்க்கரை ஏறியிருந்தால் தைத்த நாண் சரியாக ஒட்டாது. வலிக்குத் தோளில் ஊசி போட்டுக்கொள்ளலாமா என்று கேட்டார். ஒரு ஊசி, தூக்கம் திரும்புவதற்காக, என்றால் நான் எதிர்ப்பதில்லை. அறுவைக்கு நாள் குறித்தவர் அதற்கு முந்தைய வாரங்களில் ஸ்டீராய்டு போடக்கூடாது, கிருமி சேரும் என்றேன். ஊசியாகவே போட்டுப் போட்டு வருஷத்தை ஓட்டியவர்கள் சிலரைப் பார்த்திருக்கிறேன். நாண் நூலாக இருந்தது.

தீபாவளி முடிந்த வாரம் தைத்தார்கள். ஒரு வருஷம் கழித்துப் பார்த்தபோது கை முழுதாக ஏறியது, இரவில் தூங்கினார். மேல் தட்டுக்கு மட்டும் போகவில்லை; பில் போடும் இடத்துக்கு மாறிவிட்டார்.

ஸ்ரீரங்கத்தில் தோளைப் பற்றி எழுதும்போது சொல்லாமல் விடமுடியாத ஒன்று உண்டு. நம்பெருமாள் எழுந்தருளும் பல்லக்குக்கு இங்கே தோளுக்கினியான் என்று பெயர். புறப்பாட்டில் எல்லோரும் பெருமாளைப் பார்க்கும்போது என் கண் ஒரு கணமாவது ஸ்ரீபாதம் தாங்கிகளின் தோளுக்குப் போய்விடும். அவ்வளவு எடையைச் சுமந்தால் ஜவ்வு கிழியாதா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். தண்டு உட்காருவது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவிலுள்ள தசையில், காறை எலும்பின் மேல். பாரம் அங்கிருந்து முதுகு வழியே காலுக்கு இறங்குகிறது. நாண் பாடுபடுவது கையைத் தலைக்கு மேலே தூக்கி வேலை செய்யும்போது. சுமப்பவரைவிட, நாளெல்லாம் மேல்கூரைக்குச் சுண்ணாம்பு அடிப்பவருக்குத்தான் என்னிடம் அதிகம் வேலை.

நான் ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறேன். தோளுக்காக வந்த ஒவ்வொருவருக்கும் ஒரு வரி: வந்த தேதி, கிழிந்த தேதி, என்ன முடிவு செய்தோம், கடைசியில் ஓராண்டு என்று ஒரு கட்டம். இது என் யோசனை இல்லை. பாஸ்டனில் காட்மன் என்று ஓர் அறுவை மருத்துவர் இருந்தார். கிழிந்த தோள் நாணைத் தைத்ததை 1911-லேயே எழுதி வெளியிட்டவர். 1934-ல் தோளைப் பற்றி மட்டுமே ஒரு பெரிய புத்தகம் போட்டவர். ஊசல் பயிற்சிக்கும் அவர் பெயர்தான். ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்து, வருஷம் கழித்து அவர் எப்படி இருக்கிறார் என்று பார்த்து எழுத வேண்டும், தவறியிருந்தால் ஏன் தவறியது என்று வெளியே சொல்ல வேண்டும் என்று வாதாடினார். சக மருத்துவர்களுக்கு அது பிடிக்கவில்லை. அவர் பதவியும் போயிற்று. அவரைப் பற்றிப் படித்த அன்று சாயங்காலமே நோட்டு வாங்கினேன். முதல் வரியில் ஜீயபுரத்துக்காரரை எழுதினேன். நான் தவறவிட்ட நாட்களை எண்ணி எழுதினேன்: 121.

போன கார்த்திகைக் கடைசியில் திருவானைக்காவலிலிருந்து ஒரு எலக்ட்ரீஷியன் வந்தார். 54 வயது. சீரியல் பல்பு கட்ட ஏணியில் ஏறி, ஏணி சரிந்தபோது கம்பியைப் பிடித்துத் தொங்கியிருக்கிறார். "போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாய் சார், காலைல பத்தேகால் இருக்கும்." எக்ஸ்ரே சரியாக இருந்தது. எண்ணெய் தேய்த்திருந்தார்கள். கையைத் தூக்கினேன், காது வரைக்கும் வந்தது. விட்டேன், விழுந்தது.

ஸ்கேன் எடுக்கச் சொன்னேன். எடுப்பார், ஆனால் மற்றதெல்லாம் "ஏகாதசி முடியட்டும் சார்." முப்பது வருஷமாகப் பரமபத வாசல் தவறியதில்லை என்று அவர் மனைவி சொன்னார். சொல்லும்போது அந்த அம்மாள் குரல் இறங்கிவிட்டது. எனக்கும் சட்டென்று பதில் வரவில்லை. திருவிழா முடிய இன்னும் ஒரு மாதம். அதற்குப் பிறகு தை பிறக்கும், பொங்கல் வரும், அதுவும் முடியட்டும் என்பார்கள். நோட்டை எடுத்து முதல் வரியைப் பெயரை மறைத்துக் காட்டினேன். அவர் அந்த 121-ஐ விரலால் தொட்டுப் பார்த்தார். "இவரு இப்ப என்ன பண்றாரு?" என்றார். சொன்னேன்.

அவர் முன்னாலேயே மருத்துவருக்குப் போன் செய்தேன். இரண்டு நாண்கள் அறுந்திருந்தன, இழுபட்டிருந்தது கொஞ்சம்தான், தசையில் கொழுப்பு இல்லை. பகல் பத்தின் மூன்றாம் நாள் தைத்தார்கள். ஏகாதசியன்று கூட்டத்துக்குள் போகவே கூடாது, ஒருவர் இடித்தால் தையல் போய்விடும் என்று நானும் மருத்துவரும் தனித்தனியாகச் சொல்லி அனுப்பினோம்.

ஏகாதசி அன்று விடியற்காலை ரத்தின அங்கியில் நம்பெருமாள் வாசல் கடந்துவிட்டார். கூட்டத்திலிருந்து ஒதுங்கி மணல்வெளிப் பக்கம் நான் நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது. "டிவியில சேவிச்சேன் சார். கட்டை அவுக்கல. இடது கையாலதான் கும்பிட்டேன்" என்றார். பின்னால் அவர் மனைவி ஏதோ சொன்னது கேட்டது, இரைச்சலில் புரியவில்லை.

இப்போது வெறும் கையைத் தோளுக்குமேல் தூக்குகிறார். ஏணி ஏறுவதைப் பற்றி நான் இன்னும் வாக்குக் கொடுக்கவில்லை. நோட்டில் அவர் வரியில் ஓராண்டுக் கட்டம் காலியாக இருக்கிறது. அடுத்த மார்கழியில்தான் எழுத வேண்டும்.